ஏழு தண்ணிக்கும் போகாத வாசனை

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு செருப்புக் கடைக்கும் நடுவில் செருகி வைத்த மாதிரி இருக்கிறது ஷரீஃப் பாயின் அத்தர் கடை. கடை என்பது மரியாதைக்குச் சொல்வது. பார்த்தால் கதவு போட்ட அலமாரி. அலமாரிக்குள் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் அவர். அந்த உயரத்திலிருந்துதான் இத்தனை வருஷமாக ஊரையே அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பிடிக்காததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். டப்பாவில் வரும் ஸ்ப்ரே பிடிக்காது. அதில் ஸ்பிரிட் இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு தொழுகைக்குப் போக அவர் மனசு ஒப்பாது. அதோடு, "இங்க அடிச்சிக்கினு பஸ் ஏறுனா சைதாப்பேட்டைல எறங்கசொல்ல வாசன இருக்காது" என்பார். ஊதுவத்தி பிடிக்காது. குளத்துப் பக்கம் முழம் போட்டு விற்கும் மல்லிகைக்குக்கூட அவரிடம் மதிப்பில்லை. சாயங்காலம் வாங்கினால் காலையில் குப்பை, அதற்கு ஒரு பேரம் வேறு. பன்னீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"பன்னீர் இன்னா பன்னீர்? தண்ணில கலந்த வாசன தண்ணியோடவே போயிடும். கல்யாணத்துல தெளிப்பாங்க, பந்தில ஒக்காரசொல்ல காஞ்சி போயிருக்கும். தண்ணில போற வாசனல்லாம் ஒரு வாசனையா?"

தன் சரக்கைப் பற்றி அவர் சொல்வது ஒரே வாசகம்தான். வருகிறவரின் புறங்கையில் கண்ணாடிக் குச்சியால் ஒரு கோடு இழுப்பார். பிறகு, பெரிய உபகாரம் செய்துவிட்டவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: "ஏழு தண்ணி வுட்டுக் கழுவிப் பாருங்க. போச்சின்னா நான் கடைய மூடிட்டுப் போயிடறேன்."

அது வெறும் வியாபாரப் பேச்சும் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து வேளை தொழுகைக்கு முன்னால் ஒளு செய்கிறவர், முழங்கை வரை தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர். ஆனாலும் அவர் பள்ளிவாசல் படியில் கால் வைக்கும்போதே, உள்ளே இருப்பவர்கள் திரும்பிப் பார்க்காமல் "ஷரீஃப் வந்துட்டாரு" என்பார்கள். அவர் காது மடலின் பள்ளத்தில் அத்தரில் தோய்த்த பஞ்சு எப்போதும் இருக்கும். நகக்கண்ணில் அத்தர், தாடியில் அத்தர், மோதிரத்துக்கு அடியில் அத்தர். அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்தால், அவர்கள் வீட்டில் போய் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

எதிர்ச் சாரியில் ஃபராஸ் என்ற வாலிபன் அதே வியாபாரத்துக்குக் கடை போட்டபோது, ஷரீஃப் பாய் அவனுக்கு ஒரு பேர் வைத்தார். வெள்ளை ஆயில் ஃபராஸ். வெள்ளை ஆயில் என்பது நிறமும் இல்லாத, வாசனையும் இல்லாத ஒரு எண்ணெய். அத்தர் கொஞ்சம், வெள்ளை ஆயில் மிச்சம் என்று கலந்து விலையைக் குறைத்து விற்பவர்கள் உண்டு. ஃபராஸ் அப்படித்தான் விற்றான், கேட்டால் அப்படித்தான் என்று சொல்லியும் விற்றான். ஷரீஃப் பாயால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. டீக்கடையில் நின்று, அவன் காதில் விழுகிற அளவுக்குக் குரலை வைத்துச் சொல்வார்.

"அவன் கடைல அத்தர் வாங்குனா தாளிக்கலாம். பாட்டில் கழுவறதும் அந்த ஆயில்லதான், பாட்டில் ரொப்பறதும் அந்த ஆயில்தான். வெக்கம் கெட்ட பொழப்பு."

ஃபராஸ் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "ஸலாம் மாமு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். அந்தப் பொறுமையும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அப்படிப்பட்டவர் தாத்தா ஆனார்.

மகன் முதஸ்ஸிருக்கு நந்தனத்தில் ஆபீஸ் வேலை. மருமகள் ரூபீனா அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். தலைப் பிரசவம் என்பதால் ரூபீனாவின் தாய்வீட்டில், ஆழ்வார்பேட்டையில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. சாய்மா என்று பேர். ரூபீனாவைப் பெற்ற அத்தா உமர் ஃபாரூக் கேன் தண்ணீர் வியாபாரம் செய்கிறவர். அவரைப் பற்றியும் ஷரீஃப் பாய் தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்.

"தண்ணி விக்கிறாரு. கலர் இல்ல, ருசி இல்ல, வாசன இல்ல. ஆளும் அப்டித்தான் கீறாரு."

முதல் தடவை பார்க்கப் போனபோது, குழந்தை துணிச் சுருளுக்குள் படுத்திருந்தது. இரண்டு முஷ்டியும் மூடி, நெற்றி சுருங்கி, யாரோ தன்னிடம் விலையை ஏற்றிச் சொல்லிவிட்ட மாதிரி ஒரு முகம். மின்விசிறியைப் பார்த்தது, பிடிக்கவில்லை. தாய்மாமனைப் பார்த்தது, அதுவும் பிடிக்கவில்லை. ஷரீஃப் பாய் இன்னும் கிட்டே போனார். இந்த உலகத்தில் தனக்குச் சமமாக ஒரு ஆள் இன்றைக்குத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தார். குனிந்து கையை நீட்டினார்.

சாய்மா தும்மினாள். மறுபடியும் தும்மினாள். விடாமல் தும்மி, முகம் சிவந்து, மூச்சு கீச்கீச்சென்று இழுத்தது. ரூபீனா வாரி எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினாள். டாக்டர் பார்த்துவிட்டு, குழந்தைப் பக்கத்தில் எந்த வாசனையும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"மூக்கு இல்லாத டாக்டரு" என்றார் ஷரீஃப் பாய். ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும்போது ஆட்டோவில் தன் கையைத் தானே மோந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

நாற்பது நாள் கழிந்து, தாயும் குழந்தையும் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் ஷரீஃப் பாயின் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் தொட்டில் போடுவதாக ஏற்பாடு. அவர்கள் குடும்பத்தில் தகப்பன் வழித் தாத்தாதான் குழந்தையை முதன்முதலில் கையில் வாங்கித் தொட்டிலில் கிடத்துவார். ஷரீஃப் பாயை அப்படிக் கிடத்தியவர் அவருடைய தாத்தா. முதஸ்ஸிரைக் கிடத்தியவர் ஷரீஃப் பாயின் அத்தா. சொந்த வீட்டில், சொந்தப் பேத்தியை, வாசல்படியில் நின்றுதான் அவர் இதுவரை பார்த்திருந்தார்.

அந்த வாரத்தில் ஒரு நாள், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி வஜீஹா சொன்னாள். "வெள்ளிக்கெழம சம்பந்தி தொட்டில்ல போடட்டும்னு கீறோம்."

"எந்த சம்பந்தி?"

"உங்களுக்கு எத்தினி சம்பந்தி கீறாங்க? அவர் கைல புள்ள தும்மறதில்ல."

"தும்மறதுக்கு அந்தாள்கிட்ட இன்னா கீது?"

"அதத்தான் நானும் சொல்றேன். உங்ககிட்ட கீது. அந்த வாசன போவட்டும், நீங்களே போடுங்க. நான் இன்னா வேணான்னா சொல்றேன்?"

ஷரீஃப் பாய் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனார்.

அவரைப் போன்ற ஆள் செய்யக்கூடிய தப்பைத்தான் செய்தார். ஏழு தண்ணிக்குப் போகாது என்று ஊர் பூரா சொல்லி விற்றவர், எட்டாவது தண்ணிக்குப் போய்விடும் என்று நம்பினார். காதுப் பஞ்சை எடுத்துப் போட்டார். வாளி வாளியாக ஊற்றினார். தண்ணீர் கையில் விழுந்தது, முத்து முத்தாக உருண்டது, அவரைக் கண்டுகொள்ளாமல் வழிந்து போனது. போர் தண்ணீர் சரியில்லை என்று முடிவு கட்டி, சமையலறையில் இருந்த சம்பந்தி வீட்டுக் கேனைத் தூக்கி வந்து சாய்த்தார். அதுவும் உருண்டு ஓடிப்போனது.

"பாத்தியா, இதுதான் இவன் வியாபாரம்" என்று வஜீஹாவிடம் சொன்னார். "ஒண்ணத்துக்கும் ஒதவாத தண்ணி."

சோப்புப் போட்டார். ஈரத்தில் வாசனை அடங்கின மாதிரி இருந்தது. கை காய்ந்ததும், உள்ளே போய் உட்கார்ந்திருந்தது எழுந்து வெளியே வந்தது. சோப்பையும் திட்டினார்.

மறுநாள் காலையில், பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டு வரும் ஜெசிந்தா தெரு முனையில் அன்னக்கூடையை இறக்கி வைத்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளைக் கடக்கும்போதெல்லாம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வது அவர் வழக்கம். அன்றைக்குப் பொத்தாமல் எதிரே போய் நின்றார்.

"ஏம்மே, ஒண்ணு கேக்கறேன். இந்த நாத்தம் உன் கைய வுட்டு எப்டிப் போவுது?"

ஜெசிந்தா கத்தியை நிறுத்தினாள். "இத்தினி நாளா மூக்கப் பொத்திக்கினு ஓடுன பாயி, இன்னிக்கு கைய மோந்து பாக்க வந்துக்கிறாரா?"

"கேட்டதுக்கு பதில் சொல்லு."

"புளி வச்சி ஒரு தேய், எலுமிச்சம்பழம் வச்சி ஒரு தேய். தண்ணி ஊத்துனா எல்லாம் ஓடிடும். இந்தக் கையாலதான் என் பேரன் கன்னத்தக் கிள்றேன். ஏன், அக்கா உங்கள மீன் ஆய வுட்டாங்களா?"

"மீன் இல்ல. இது." கையை நீட்டினார்.

அவள் மோந்து பார்த்துவிட்டுத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அய்ய. கல்யாண வூட்லயும் சாவு வூட்லயும் ஒரே நேரத்துல நிக்கிற மாதிரி கீது பாய். இத்தப் போயா காசுக்கு விக்கிறீங்க?"

"உனுக்கு இன்னா தெரியும் இதோட அருமை."

"எனுக்குத் தெரியாது. போவணும்னு கேட்டது யாரு, நானா?"

வீட்டுக்கு வந்து புளியைக் கரைத்தார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். தன் பங்குக்குக் கல்லுப்பையும் சேர்த்து முழங்கை வரை அரக்கித் தேய்த்தார். கை எரிந்ததுதான் மிச்சம். ரூபீனா குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"மாமா, இவ்ளோ நேரம் அத்தர். இப்ப அத்தர் ஊறுகா."

"மீன்காரிக்குப் போவுது. எனுக்கு ஏன் போவல?"

"அது வேற, இது வேற மாமா. மீன் நாத்தம் புளிப்பு பட்டா, தண்ணில கரையற மாதிரி மாறிடும். அப்புறம் தண்ணி எடுத்துட்டுப் போயிடும். உங்களுது எண்ணெய்."

"எண்ணெய்னா? தண்ணிக்கு இன்னா அதுமேல காண்டு?"

ரூபீனா ஒரு டம்ளர் தண்ணீரில் அவர் மிச்சம் வைத்த உப்பைப் போட்டுக் கலக்கினாள். உப்பு காணாமல் போனது. "தண்ணில இருக்கிறதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடித் துணுக்கு. ஒண்ணோட ஒண்ணு கை கோத்துட்டு நிக்கும். உப்புக்கும் கை இருக்கு, சக்கரைக்கும் கை இருக்கு. அதுங்க வந்து தண்ணியோட கையைப் பிடிச்சுக்கும். தண்ணியும் உள்ள சேத்துக்கும். எண்ணெய்க்குப் பிடிக்கக் கை இல்ல மாமா. தண்ணி அதை அடிக்கல, தொரத்தல. தங்களுக்குள்ள பிடிச்ச கையை இதுக்காக விடாது, அவ்ளோதான். எண்ணெய் ஓரமா ஒதுங்கி நிக்க வேண்டியதுதான்."

"அப்ப தண்ணிக்குத்தான் திமிரு."

"யாருக்கோ திமிரு" என்றாள் வஜீஹா உள்ளேயிருந்து.

"சோப்பு?" என்று கேட்டார் ஷரீஃப் பாய்.

"சோப்புக்கு ஒரு பக்கம் தண்ணியப் பிடிக்கிற கை, இன்னொரு பக்கம் எண்ணெயில ஒட்டிக்கிற வாலு. ரெண்டையும் சேத்து இழுத்துட்டுப் போகும். ஆனா மேல இருக்கிறதைத்தான் இழுக்கும். உங்களுக்கு மேல மட்டுமா இருக்கு? கை ரேகைக்குள்ள, நகத்துக்குள்ள எத்தன வருஷத்து சரக்கு." அவள் அலமாரியிலிருந்து கை துடைக்கும் சானிடைசரை எடுத்தாள். "ஸ்பிரிட்ல அத்தர் கரையும். இதப் போட்டுப் பாக்கறீங்களா?"

ஷரீஃப் பாய் பாம்பைப் பார்த்தவர் போல ஒரு அடி பின்னால் போனார். "சாராயத்தத் தடவிக்கினு என் பேத்தியத் தூக்கணுமா?"

"சரி விடுங்க. அப்ப எண்ணெயேதான். எண்ணெய் தண்ணியோட சேராது, எண்ணெயோட சேரும். தேச்சு ஊற வச்சா, உள்ள இருக்கிறது இந்த எண்ணெய்க்கு வந்துடும். ஆனா தேங்கா எண்ணெய் வேணாம். அதுக்குன்னு ஒரு வாசன இருக்கு, டாக்டர் எந்த வாசனையும் வேணாங்கறாரு. வாசனையே இல்லாத எண்ணெய் எங்க கெடைக்கும்னுதான் தெரியல."

ஷரீஃப் பாய்க்குத் தெரிந்தது. எங்கே கிடைக்கும், யாரிடம் கிடைக்கும், அவன் பாட்டிலை எதில் கழுவுகிறான் என்பதெல்லாம் நன்றாகத் தெரிந்தது. அதை டீக்கடையில் நின்று ஊருக்கே சொன்னவர் அவர்தானே. குனிந்து தன் கையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அந்தக் கை சும்மா தொங்கிக்கொண்டிருக்க, தண்ணீர் விற்கிறவர் கை தொட்டிலுக்குப் போவதை நினைத்துப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கச்சேரி ரோட்டில் சாயங்காலக் கூட்டம். எதிர்ச் சாரிக்கு அவர் ரோட்டைக் கடந்து போனதை டீக்கடை முழுக்கப் பார்த்தது. ஃபராஸ் கல்லாவிலிருந்து எழுந்து நின்றான்.

"வாங்க மாமு. இன்னா, தாளிக்கவா?"

"ஒரு பாட்டில் வெள்ளை ஆயில் குடு."

ஃபராஸ் முகத்தில் தீபாவளியும் பெருநாளும் ஒன்றாக வந்தன. "ஊர் பூரா சொல்வேனே, ஷரீஃப் பாய் வெள்ளை ஆயில் வாங்கிட்டாருன்னு."

"சொல்லு. கைய கழுவத்தான் வாங்குனாருன்னும் சேத்து சொல்லு."

"கழுவவா? ஏழு தண்ணிக்குப் போவாத சரக்காச்சே."

"போவலடா. அதான் வந்துக்கிறேன்."

"ஏன் போவணும்?"

சொல்ல வேண்டாம் என்றுதான் பார்த்தார். வாய் சொல்லிவிட்டது. "பேத்தி தும்முது."

ஃபராஸ் சிரிப்பை முழுங்கிக்கொண்டு கீழே குனிந்து, பேர் ஒட்டாத ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து வைத்தான். "நல்லா தேச்சி ஊற வுடுங்க. துணில தொடைங்க. மறுபடியும் தேச்சித் தொடைங்க, துணில கலர் வராத வரைக்கும். கடைசில கடல மாவு. பாட்டிலுக்கு நான் அப்டித்தான் செய்றேன்."

"நான் இன்னா பாட்டிலாடா?"

"இல்லியா மாமு?"

டீக்கடையில் சிரித்தார்கள். ஷரீஃப் பாய் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். ஒன்றுமே இல்லை. இதைப் போய் ஒருத்தன் அத்தரில் கலந்து விற்கிறானே என்று அப்போதும் அவருக்கு வயிறு எரிந்தது. ஃபராஸ் மேல் மதிப்பு எதுவும் வந்துவிடவில்லை. பாட்டிலை மட்டும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.

வீட்டில் பால்கனியில் உட்கார வைத்து வஜீஹா தேய்த்தாள். கை, முழங்கை, கழுத்து, காது, தாடி. ஊற வைத்துப் பழைய வேட்டித் துணியால் துடைத்தபோது துணி பழுப்பானது, அதிலிருந்து பழைய வாசனைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தன. ஷரீஃப் பாய் மூக்கை வைத்தே அடையாளம் சொன்னார்.

"இது மஜ்முவா. இது ஹினா. இது நம்ம கல்யாணத்துக்கு அத்தா தடவி வுட்ட ஊது அத்தர் மாதிரி கீது."

"அதெல்லாம் எப்பவோ போயிருக்கும். கைய நீட்டுங்க."

"போவாது. நான் சொல்லித்தானே விக்கிறேன்."

துணிக்கு மேல் துணி மாறியது. கடைசித் துணியில் ஒன்றும் வராதபோது கடலை மாவைப் போட்டு உரசி, தண்ணீர் ஊற்றினாள். இந்தத் தடவை தண்ணீர் உருண்டு ஓடவில்லை. கை முழுக்கப் பரவி, நனைத்துக்கொண்டு போனது. அவர் கையை மூக்குக்குக் கொண்டு போனார். யாரோ முன்பின் தெரியாத ஆளுடைய கை மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் பயமாகக்கூட இருந்தது அவருக்கு.

அவருடைய சட்டைகள் எதுவும் உதவாது என்பதால், முதஸ்ஸிர் தி. நகர் போய்ப் புதுச் சட்டை ஒன்று வாங்கி வந்தான். ரங்கநாதன் தெருவில் வாங்கிய சட்டை, சட்டை மாதிரி நடிக்கிறது என்றார். ஆனாலும் அலசிக் காயப் போட்டதைப் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் போனபோது அவர் வந்ததே யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேர் திரும்பிப் பார்க்காமலே "ஷரீஃப் ஏன் வரல?" என்று அவரிடமே கேட்டார்கள். பொறுத்துக்கொண்டார்.

வீட்டில் தொட்டில் தயாராக இருந்தது. உமர் ஃபாரூக் வெள்ளை ஜிப்பாவில், எதற்கும் இருக்கட்டும் என்பது போலக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அந்தத் தயார் நிலையை ஷரீஃப் பாய் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரூபீனாவின் முன்னால் போய்க் கையை நீட்டினார்.

ரூபீனா முதலில் குனிந்து அந்தக் கையை மோந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள். குழந்தையை வைத்தாள்.

சாய்மா தாத்தாவைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். மூக்கு நுனி ஒரு தடவை துடித்தது. ரூபீனா குழந்தையைத் திரும்ப வாங்கத் தயாராகக் கையை நீட்டினாள்.  சாய்மா அவரை மேலிருந்து கீழ் வரை எடை போட்டு, இவ்வளவுதானா இந்த ஆள் என்கிற மாதிரி ஒரு கொட்டாவி விட்டாள். தும்மவில்லை.

"என்னை மாதிரியே பாக்கறா" என்றார். 

குனிந்து அவள் உச்சந்தலையை மோந்தார். பாலும், கொஞ்சம் வெயிலில் காய்ந்த துணியும், அதற்கு மேல் அவருக்குப் பேர் தெரியாத ஏதோ ஒன்றும் இருந்தது. எந்தப் பாட்டிலிலும் அவர் பார்க்காத சரக்கு.

"தொட்டில்ல போடுங்க" என்றாள் வஜீஹா.

"தொட்டில் எங்க ஓடிப் போவுது?"

அப்போது புதுச் சட்டையில் சூடாக இறங்கியது. நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் நனைந்தது. பெண்கள் சிரித்தார்கள். உமர் ஃபாரூக் உள்ளே ஓடி, கேனிலிருந்து ஒரு சொம்பு பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"பரவால்ல பாய், மூத்திரம்தானே. தண்ணில கரையற சமாச்சாரம். ஒரு சொம்பு ஊத்துனா இருந்த எடம் தெரியாம போயிடும்."

ஷரீஃப் பாய் அந்தச் சொம்பைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். மல்லிகைப் பூவையும் பன்னீரையும் எந்தக் கண்ணால் பார்த்தாரோ அதே கண்.

"தண்ணில போறதுதானே, இன்னா அவசரம்? சாயங்காலம் அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லட்டும், கழுவிக்கறேன்" என்றார். "அதுவரைக்கும் உங்க தண்ணிய கொஞ்சம் ஓரமா வைங்க."